ஓய்வு வயதும் வைத்தியக் காப்பீடும்

சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெறும் நாள் காகிதத்தில் எழுதி வருகிறது. நாடுகாணிச் சரிவில் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும், சமவெளியில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கும் அவ்விதமான காகிதம் எதுவும் வருவதில்லை. முழங்கால் மடங்க மறுக்கும் நாளோ, இழை கண்ணுக்குத் தெரியாமற் போகும் நாளோதான் அவர்களுடைய ஓய்வு நாள். வருமானம் குறைவதும் வைத்தியச் செலவு கூடுவதும் அன்று ஒரே வாசல் வழியாக வீட்டிற்குள் நுழைகின்றன.

அந்த நாளுக்கு முன்னரே எந்த வைத்தியக் காப்பைத் தேடிக்கொள்வது என்பதே இம்மாதப் பாடத்தின் பொருள். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்பது, "எந்த பாலிசி நல்லது?" என்பதே. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உள. இப்போது நமக்கு இருக்கும் காப்பு எப்பொழுது நிற்கும்? அவசரத்தில் நம்மை எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வார்கள்? விலையின்றிக் கிடைக்கும் காப்பு எது? இம்மூன்றிற்கும் விடை கண்ட பின்னரே விலை கொடுத்து வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

1. வேலை நின்றால் எது நிற்கும்?

தோட்டத் தொழிலாளர்க்கு வைத்திய வசதி செய்து தரும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மீது வைத்தது. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்திற்கு வந்துள்ளன. எந்தச் சட்டமாயினும், இவ்வசதி வேலையுடன் பிறந்தது, வேலையுடன் முடிவது. ஓய்வு பெற்றவரின் மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால், அவரைச் சார்ந்த பெற்றோர் என்ற முறையில் உரிமை கிடைக்கலாம். ஆதலால் குடும்ப அட்டவணையில் தம் பெயர் ஏறியுள்ளதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்வது நலம்.

தொழிற்சாலைகளில் வேலை செய்து ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர்களின் நிலை வேறு. குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டிற்குரிய வேலையில் இருந்து, வயது நிரம்பி ஓய்வு பெற்றவர், ஆண்டொன்றுக்கு ரூ. 120 கட்டினால் தமக்கும் தம் மனைவி அல்லது கணவருக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்திய வசதியைத் தொடர்ந்து பெறலாம் என்று விதி இருக்கிறது. மாதத்திற்குப் பத்து ரூபாய்! இவ்வளவு மலிவான காப்பு வேறெங்கும் இல்லை. ஆயினும், வேலை முடிந்ததும் அட்டையும் முடிந்துவிட்டது என்று எண்ணி அதைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவோர் உண்டு. வயது நிரம்பி ஓய்வு பெற்றதற்கான சான்றை நிர்வாகத்திடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இடையில் தாமே விலகிப் போனவருக்கு இச்சலுகை இவ்விதம் கிடைப்பதில்லை. ஆகையால் ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது மனக்கசப்பினால் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவது பெருநஷ்டமாகும்.

புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தோட்ட நிர்வாகமும் விரும்பினால் ஈ.எஸ்.ஐ.யில் சேர வழி வைத்துள்ளது. தம் தோட்டம் சேர்ந்ததா, எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் கேட்டு அறிய வேண்டும். மேற்சொன்ன 5 ஆண்டுக் கணக்கு அத்தேதியிலிருந்தே ஓடும்.

மலையிலிருந்து இறங்கித் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் ஆலை வேலை பார்க்கும் பிள்ளைகளின் ஈ.எஸ்.ஐ. அட்டையில், வருமான வரம்பிற்கு உட்பட்டு, சார்ந்திருக்கும் பெற்றோரின் பெயரையும் சேர்க்கலாம். கம்பெனிகளின் கூட்டுக் காப்பீட்டிலும் சில இடங்களில் பெற்றோருக்கு இடமுண்டு. ஆனால் பிள்ளை வேலை மாறினால் அந்தக் காப்பும் மறைந்துபோம். ஆகவே அதை ஊன்றுகோலாகக் கொள்ளலாமேயன்றி வீட்டின் தூணாகக் கொள்ளலாகாது.

2. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம்?

நாடுகாணி மூன்று பாதைகள் கூடும் இடம். ஒரு பாதை கூடலூர் வழியாக உதகைக்கு ஏறுகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் வழியாக வயநாட்டை நோக்கிப் போகிறது. மூன்றாவது வழிக்கடவுக் கணவாயில் இறங்கி நிலம்பூருக்குச் செல்கிறது. பெருநோய் வந்தால் சிலர் உதகைக்கும் கோயமுத்தூருக்கும் போகிறார்கள். சிலர் பெரிந்தல்மண்ணைக்கும் கோழிக்கோட்டிற்கும் இறங்குகிறார்கள். மழைக் காலத்தில் மண் சரிந்து ஒரு பாதை அடைபட்டால் மறு பாதையே கதி.

காப்பீட்டில் இதற்கென்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முழுச் சம்பந்தமும் இதில்தான் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் அட்டை எல்லைக்கு அப்பால் செல்லாமற் போகலாம். தனியார் பாலிசியில் பணங்கட்டாமலே சிகிச்சை பெறும் வசதி, அக்கம்பெனியின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் எளிதாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் முதலில் நாம் செலவழித்துப் பிறகு கேட்டுப் பெற நேரிடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பு கையில் இருந்தும், கணவாயின் அடியில் உள்ள ஆஸ்பத்திரி அதை ஏற்காவிடில், அந்த இரவில் அதன் மதிப்பு சூன்யமே.

ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு காகிதத்தில் மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயரை எழுதுக: அருகில் உள்ளது ஒன்று, உதகை - கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒன்று, கேரளப் பக்கத்தில் ஒன்று. தாம் வைத்திருக்கும் அல்லது வாங்கப்போகும் காப்பு இம்மூன்றில் எங்கெங்குச் செல்லும் என்று விசாரித்து எதிரே குறிக்கட்டும். உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டிருப்பதையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னர் கோயமுத்தூர் வரை போக வேண்டியிருந்த சில சிகிச்சைகளுக்கு இன்று மலையிலேயே முதலில் விசாரிக்கலாம்.

3. விலையின்றிக் கிடைக்கும் காப்பு

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், 2012-ஆம் ஆண்டு ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பு உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022-ஆம் ஆண்டு ரூ. 72,000-லிருந்து ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதனை முன்னிட்டு மீண்டும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும்.

இத்திட்டத்தில் முதியோருக்கு இரண்டு பெரும் அனுகூலங்கள் இருக்கின்றன. வயதைக் காரணம் காட்டி விலக்குவதில்லை; ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டிக் காத்திருக்கச் சொல்வதுமில்லை. தனியார் பாலிசியில் இவ்விரண்டையும் விலை கொடுத்தாலும் முழுமையாகப் பெறுவது கடினம்.

இங்கே நாடுகாணியார் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மாநில அட்டை உள்ளோர் அனைவரும் மத்திய திட்டத்தின் பட்டியலில் இல்லை. அப்பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கே பிற மாநிலங்களில் உள்ள அங்கீகார ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. தம் குடும்பம் எந்தப் பட்டியலில் உள்ளது என்பதை 14555 என்ற மத்திய எண்ணிலோ, 1800 425 3993 என்ற மாநில எண்ணிலோ கேட்டறியலாம். கேரளப் பக்கம் இறங்கும் பழக்கமுள்ள குடும்பத்திற்கு இந்த ஒரு விசாரணை லட்ச ரூபாய் பெறும்.

எழுபது வயது நிரம்பியோர்க்கு, வருமானம் எதுவாயினும், ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி தொடங்கியது. இதனை நம் மாவட்டத்தில் எங்கே பதிவது, எந்த ஆஸ்பத்திரிகள் ஏற்கின்றன என்பதைப் பதிவு மையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்க. வயதைக் காட்டுவது ஆதார் ஆகையால், அதில் பிறந்த ஆண்டு தவறாக இருப்பவர்கள் அறுபதிலேயே அதைத் திருத்திவைக்க வேண்டும்.

இவ்விரு திட்டங்களும் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கே பெரும்பாலும் உரியவை. தினந்தோறும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் இவை பணம் தருவதில்லை. கைத்தறி நெசவாளர்க்கென்று 2005-ஆம் ஆண்டு தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் வெளிநோயாளிச் செலவிற்கும் ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தது. அது இன்று நடைமுறையில் இல்லை. ஆகையால் மாத்திரைச் செலவிற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தையே நாட வேண்டும். வீட்டிற்கே வந்து மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்டது என்பதை முதியோர் அறிந்திருக்க வேண்டும்.

4. விலை கொடுத்து வாங்கும் பாலிசி

வருமான வரம்பைத் தாண்டியவரும், எழுபதை எட்டாதவரும், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியை நாடுபவரும் பாலிசியைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள். அவர்கள் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, காத்திருப்புக் காலம். பாலிசி எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கம்பெனி பணம் தராத காலம் இது. முன்பு 48 மாதம் வரை இருந்த இவ்வரம்பு, 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 36 மாதமாகக் குறைக்கப்பட்டது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றிற்குப் புதிதாக வந்தாலும் இரண்டாண்டு காத்திருப்பு வைப்பது வழக்கம். நெசவாளியின் கண்ணும் விவசாயியின் முழங்காலும் இவ்வலையில்தான் சிக்குகின்றன. ஆதலின் 58 வயதில் வேலைக் காப்பு நிற்கும் என்றால், 55 வயதில் சொந்தப் பாலிசி தொடங்க வேண்டும். மூன்றாண்டுக் கடிகாரம் வேலைக் காப்பின் நிழலிலேயே ஓடி முடிந்துவிடும். கம்பெனியின் கூட்டுக் காப்பில் இருப்பவர், அது முடியுமுன்பே அதைத் தனிப் பாலிசியாக மாற்றக் கேட்டால், காத்திருந்த காலம் கணக்கில் வரும். முடிந்தபின் கேட்டால் வராது.

இரண்டாவது, உண்மையைச் சொல்லுதல். சர்க்கரை இருப்பதை எழுதினால் பிரீமியம் கூடும் என்று ஏஜெண்டு கூறலாம். மறைத்து வாங்கிய பாலிசி, பணம் கேட்கும் நாளில் கிழிந்த காகிதமாகும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியபின், மோசடியைத் தவிர வேறு காரணம் கூறிக் கம்பெனி மறுக்க இயலாது என்பது இன்றைய விதி. அந்த ஐந்தாண்டு நிழலை நம்பி உண்மையை மறைப்பது தகாது.

மூன்றாவது, அறை வாடகை வரம்பும் உடன்செலுத்து தொகையும். இவ்விரண்டும் பாலிசியின் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ. 3 லட்சம் பாலிசி. நாள் வாடகை வரம்பு ரூ. 3,000, உடன்செலுத்து தொகை 20 சதவிகிதம் என்று கொள்வோம். நோயாளி ரூ. 6,000 வாடகையுள்ள அறையில் தங்குகிறார். மொத்த பில் ரூ. 2,00,000. அதில் மருந்து, பரிசோதனை ஆகியவை ரூ. 40,000, மீதி ரூ. 1,60,000. அறை வரம்பு இருமடங்கு தாண்டியதால், இந்த மீதியில் பாதி, அதாவது ரூ. 80,000 மட்டுமே ஏற்கப்படும். மருந்தைச் சேர்த்தால் ரூ. 1,20,000. அதில் 20 சதவிகிதமாகிய ரூ. 24,000 நம் பங்கு. கம்பெனி தருவது ரூ. 96,000, நம் கையிலிருந்து போவது ரூ. 1,04,000. வாடகை வரம்பிற்குள் உள்ள அறையை எடுத்திருந்தால் வெட்டு 20 சதவிகிதத்தோடு நின்றிருக்கும். நல்ல அறை என்ற ஆசையோ, வேறு அறை காலியில்லை என்ற நிர்ப்பந்தமோ, பாதிக் காப்பைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் மகனாயினும் மருமகளாயினும், வரம்பு எவ்வளவு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, நாளை கட்ட முடியுமா என்பது. வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும். அறுபது கடந்தவரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்திற்கு மேல் உயர்த்துவதாயின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்னதாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் உத்தரவாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டது. எனினும் ஆண்டுக்கு 10 சதவிகித உயர்வே ஏழெட்டு ஆண்டுகளில் தொகையை இருமடங்காக்கும். பசுந்தேயிலை விலை ஏறியிருக்கும் ஆண்டில் பெரிய பாலிசி எடுத்து, விலை இறங்கிய ஆண்டில் விட்டுவிடுவதைவிட, எந்த ஆண்டும் கட்டக்கூடிய சிறிய பாலிசியே மேலானது. எல்லாக் கம்பெனிகளும் ஒரே விதிகளுடன் தரவேண்டிய ஆரோக்ய சஞ்சீவனி என்னும் பாலிசி 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் உண்டு. அதில் உடன்செலுத்து தொகை 5 சதவிகிதமே. மற்றப் பாலிசிகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல அளவுகோல்.

பாலிசி கைக்கு வந்தபின் 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்காவிடில் திருப்பித் தரலாம். நியாயமின்றிப் பணம் மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தீராவிடில், ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 155255 என்ற எண்ணில் ஆணையத்தின் உதவியும் கிடைக்கும்.

5. எவருக்கு எது?

தொழிற்சாலையில் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும் 57 வயது அங்கத்தினர்: வயது நிரம்பும்வரை வேலையில் இருந்து, சான்று பெற்று, ஆண்டுக்கு ரூ. 120 கட்டித் தொடர்வது முதற்கடமை. வரம்பிற்கு உட்பட்டவராயின் மாநில அட்டையும் எடுக்க வேண்டும்.

ஓர் ஏக்கர் தேயிலையுள்ள 64 வயது விவசாயி: மாநில அட்டை, அது எல்லை தாண்டிச் செல்லுமா என்ற விசாரணை, எழுபதில் வய வந்தனா. தனிப் பாலிசிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

வரம்பைத் தாண்டிய வருமானமுள்ள 60 வயதினர்: இன்றே ஒரு சிறிய தனிப் பாலிசி. எழுபது வரை பத்தாண்டுகள் இடைவெளி இருக்கிறது. அதை எவரும் நிரப்பித் தரமாட்டார்கள்.

கண்ணில் புரை விழுந்த நெசவாளி: அதற்கென்று புதுப் பாலிசி எடுப்பது பயனற்றது, இரண்டாண்டு காத்திருக்கச் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலும் கண் சிகிச்சை முகாம்களிலும் இவ்வறுவைச் சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது.

6. சங்கம் என்ன செய்யலாம்?

இதற்கான பாடம் நம் கூடலூரிலேயே இருக்கிறது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய ஆதிவாசி மக்கள், தங்கள் முன்னேற்றச் சங்கத்தின் வழியே 1992-ஆம் ஆண்டிலேயே கூட்டாகச் சேர்ந்து வைத்தியக் காப்பீடு ஏற்படுத்திக்கொண்டனர். ஒருவர் தனித்துப் போய் ஏஜெண்டைத் தேடவில்லை. சங்கமே சந்தா திரட்டியது. கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி சிகிச்சையளித்தது. தாங்கள் நம்பிய, தங்களுக்கு எட்டிய ஆஸ்பத்திரியை நடுவில் வைத்துக் காப்பை அதைச் சுற்றிக் கட்டினார்கள். 2010-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, காப்பீட்டில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட இருமடங்கிற்கும் அதிகமாக ஆஸ்பத்திரிச் சிகிச்சை பெற்றதைக் காட்டியது. பணத்திற்கு அஞ்சி வீட்டிலேயே கிடந்த நோயாளிகள் வெளியே வந்தார்கள் என்பதே இதன் பொருள்.

எல்லைக்கப்பால் கர்நாடகத்தில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கென்றே யசஸ்வினி திட்டம் 2003-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்தில் தலைக்கு ஆண்டுச் சந்தா ரூ. 60. 2018-இல் வேறு திட்டத்துடன் கலக்கப்பட்டு, பின்னர் 2023-ஆம் ஆண்டு தொடக்கம் முதல் மீண்டும் உயிர் பெற்றது. சங்கப் பதிவேடே காப்பீட்டின் வாசலாக அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

இவ்வளவு பெரிய காரியத்தை நாளையே தொடங்க இயலாது. ஆயினும் ஒவ்வொரு சங்கமும் ஒரு பதிவேடு திறக்கலாம். 55 வயது கடந்த அங்கத்தினர் பெயர், வயது, உள்ள காப்பு, அது நிற்கும் தேதி, புதுப்பிக்கும் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். தவணை நெருங்கும்போது காரியதரிசி நினைவூட்டட்டும். அங்கத்தினர் எழுதிக் கொடுத்தால், பசுந்தேயிலைப் பணத்திலோ நெசவுக் கூலியிலோ மாதந்தோறும் சிறிது பிடித்து, பிரீமியம் கட்டும் நாளில் ஒரே தொகையாகத் தரலாம். பாலிசிகள் தவறுவதற்குப் பல வேளைகளில் காரணம் அந்த ஒரு மாதத்தில் கையில் ரொக்கம் இல்லாமைதான். சிக்கனமும் பரஸ்பர உதவியும் நம் சங்கங்களின் அஸ்திவாரம் என்று சொல்லிவருகிறோம். முதுமையில் ஓர் அங்கத்தினர் வைத்தியச் செலவிற்காகத் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்காமல் தப்பினால், அச்சொல் மெய்யாகும்.

கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய கேள்விகள்

(1) நம் சங்கத்தில் 55 வயது கடந்தோர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் செல்லக்கூடிய காப்பு அட்டை இருக்கிறது?

(2) கூடலூர்ப் பாதை மண்சரிவால் அடைபட்ட இரவில், உங்கள் அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும்?

(3) உங்கள் பாலிசியின் அறை வாடகை வரம்பு எவ்வளவு? வீட்டில் வேறு யாருக்கு அது தெரியும்?

(4) அடுத்த மூன்றாண்டுகளில் வேலை ஓய்வு பெறப்போகும் அங்கத்தினர் யார்? அவர்கள் இம்மாதமே செய்ய வேண்டியது என்ன?